இரண்டு சிபாரிசுக் கடிதங்கள்

சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று போய் நின்றால் எங்கள் துறைத் தலைவர் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “நீயே எழுதிட்டு வாம்மா. நான் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஒன்றில் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். எந்தக் கல்லூரிப் பிள்ளையைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லும். மூன்று வருஷத்துப் பிள்ளைகள், மேஜை மேல் தாள் கட்டுகள், யாராவது ஆய்வுக்கு வரும்போதெல்லாம் அடுக்கிக் காட்ட வேண்டிய ஃபைல்கள். இதற்கு நடுவே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் யோசித்து ஒரு பக்கம் எழுத அவருக்கு எங்கே நேரம்? அவர் ஒருபோதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அதுவே பெரிது என்று நினைக்கிறேன்.

ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. “இந்த மாணவி மிகவும் அறிவுக்கூர்மை உடையவர்” என்று என் கையாலேயே எழுதிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். நான் அடக்கமானவள் என்பதால் அல்ல. எனக்கு அடக்கம் கிடையாது, வாய்தான் உண்டு. இருந்தும் கூச்சமாக இருந்தது.

அது இரண்டாம் வருஷம். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் இருக்கும் அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று, கோடை விடுமுறையில் இளநிலை மாணவர்களை ஆறு வாரம் உள்ளே வைத்து வேலை கற்றுக்கொடுக்கப் போவதாக இணையத்தில் அறிவிப்பு போட்டிருந்தது. அதை முதலில் பார்த்தவள் என் லேப் பார்ட்னர். காலை பஸ்ஸில் என் தோளை இடித்து போனைக் காட்டினாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவு எண் வரிசையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த எண். அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே பிராக்டிகல் வகுப்பில் ஜோடியாகப் போட்டார்கள். அவள் ஊர் திருவிடந்தை. அங்கிருந்து மாமல்லபுரம் வந்து, செங்கல்பட்டு பஸ் பிடித்து, நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறும்வரை ஜன்னலோர இடத்தைப் பையை வைத்துக் காப்பாற்றித் தருவாள். அந்த இடத்துக்காக அவள் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. மற்ற விஷயங்களில் மெதுவாகப் பேசுகிற பெண்.

அவள் அப்பாவுக்குக் கோயிலில் வேலை. திருவிடந்தைப் பெருமாள் கோயில் எதற்குப் பேர்போனது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் வந்து மாலை போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றிவிட்டுப் போவார்கள். ஊர் உலகமெல்லாம் கல்யாணம் வேண்டும் என்று சுற்றுகிற கோயிலின் தெருவில், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஜீவன் அவள்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவளுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். வெளியூரில், ஹாஸ்டலில் தங்கி, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க வேண்டும். அவள் அப்பா கொடுமைக்காரர் இல்லை. பயந்த மனிதர். பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போகிற அளவுக்கு மூளை இருக்கிறதா, இல்லை ஆசை மட்டும்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவர்களும் அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று பஸ்ஸில் அவள் சொன்னாள்: “எங்கப்பா பேசிட்டார். இந்த லேப்ல கிடைச்சுதுன்னா எம்.எஸ்ஸி. போ, நான் தடுக்கல. கிடைக்கலன்னா ஜாதகம் எடுத்துடறேன்றார்.”

“எடுத்தா எடுக்கட்டும். உனக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்?” என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

எனக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. அந்த நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் அணுபுரம் டவுன்ஷிப்பில் என் அப்பா கான்ட்ராக்டில் புல் வெட்டுகிறார். அதற்கு முந்தைய தலைமுறை வரை எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் என் படிப்பை யாரும் தடுத்ததில்லை. எதுவரை படிக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆகவே போய்க்கொண்டே இருந்தேன். இந்த லேப் கிடைக்காவிட்டால் கோடை முழுக்க வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பேன். அவ்வளவுதான் நஷ்டம்.

விண்ணப்பம் பெரிய வேலையாக இருந்தது. வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், உள்ளே விடுவதற்கு முன் போலீஸ் விசாரணைக்கு ஒரு தனிப் படிவம். இணையதளம் பாதியில் நின்று நின்று வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் துறைத் தலைவரின் சிபாரிசுக் கடிதம், கல்லூரி லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, ஒட்டிய கவரில். ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் போடலாம். பெரும்பாலும் ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று சீனியர் அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள்.

துறைத் தலைவரிடம் போனோம். “நீயே எழுதிட்டு வாம்மா” வந்தது. இரண்டு நாள் இருவரும் எங்களைப் பற்றி எழுத முயன்று தோற்றோம். மூன்றாம் நாள் கேன்டீனில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“நான் உன்னைப் பத்தி எழுதறேன். நீ என்னைப் பத்தி எழுது. ரெண்டும் சார்கிட்ட குடுப்போம். ஆனா நீ எழுதறதை நான் படிக்க மாட்டேன், நான் எழுதறதை நீ படிக்கக் கூடாது.”

“ஏன்?”

“நீ படிப்பேன்னு தெரிஞ்சா என்னால எழுத முடியாது. வெக்கமா இருக்கும்.”

சாரும் சம்மதித்தார். “அட, இது நல்லா இருக்கே” என்றார். எங்களுக்குப் பிறகு எங்கள் துறையில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது என்று கேள்வி.

அவளைப் பற்றி எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊசல் கதை ஒன்றே போதும்.

எங்கள் ஆய்வகத்தில் சுவரில் மூன்று ஊசல்கள் பொருத்தியிருந்தார்கள். ஊசலை ஆடவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று பத்தாம் வகுப்பிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரத்து மூன்றாவது ஊசல் மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டும். அதில் மாட்டிக்கொண்டவர்கள் செய்வது ஒன்றுதான். 9.8 என்று முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு, அந்த விடை வருவதற்கு என்ன நேரம் வந்திருக்க வேண்டுமோ அதை அட்டவணையில் நிரப்பிவிடுவார்கள். சீனியர்களின் ரெகார்டு நோட்டைப் பார்த்தால் இன்னும் சுலபம். நானும் முதல் செமஸ்டர் முழுக்க மற்ற சோதனைகளில் என் நோட்டில் அதைத்தான் செய்தேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

அடுத்த செமஸ்டரில் மூன்றாவது ஊசல் எங்களுக்கு வந்தது. 9.2 வந்தது. நான் பென்சிலை எடுத்துப் பின்கணக்கு ஆரம்பித்தேன். அவள் என் நோட்டை மூடினாள்.

“9.2 வந்தா 9.2 தான் எழுதணும்.”

“மார்க் போவும்.”

“போகட்டும். இன்னொரு வாட்டி எடுக்கலாம்.”

மூன்று வாரம் எடுத்தோம். மற்றவர்கள் அடுத்த இரண்டு சோதனைகளுக்குப் போய்விட்டார்கள். அவள் கண்ணை ஊசலை விட்டு எடுக்காமல் ஐம்பது ஆட்டம் எண்ணுவாள், நிறுத்தாமல், ஒருமுறைகூடத் தவறாமல். ஒருமுறை தும்மல் வந்துவிட்டது. எண்ணிக்கை தவறவில்லை, ஆனாலும் சந்தேகம் என்று அந்த அளவை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அவளை அப்படியே கழுத்தை நெரித்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. அதே நேரம், இவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷி ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததே இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

மூன்றாவது வாரம் பஸ்ஸை விட்டுவிடுவோமே என்கிற எரிச்சலில், அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் சுவரில் சாய்ந்து ஊசல் தொங்கும் இரும்புப் பிடியில் கையை வைத்தேன். கைக்குள் ஏதோ நடுங்கியது. பிடி ஆடிக்கொண்டிருந்தது. ஊசலோடு சேர்ந்து அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடியிருக்கிறது, எத்தனை வருஷமாகவோ. பழைய ரெகார்டு அட்டையைக் கிழித்து மடித்து, பிடிக்கும் சுவருக்கும் நடுவில் சொருகினேன். 9.7 வந்தது. நான் குதித்தேன். அவள் உட்கார்ந்து, அட்டை இல்லாமல் வந்த அளவுகளையும் அட்டை வைத்து வந்த அளவுகளையும் இரண்டு அட்டவணையாக ரெகார்டில் எழுதினாள். அந்த செமஸ்டர் இரண்டு சோதனைகளை முடிக்காமல் விட்டதற்கு இருவருக்கும் மதிப்பெண் குறைந்தது.

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இவ்வளவையும் ஆங்கிலத்தில் அடித்தேன். துறைத் தலைவர் பேசுவது மாதிரியே எழுதினேன். தும்மலைக்கூட விடவில்லை. கடைசியில், “வசதியாக இல்லை என்பதற்காக ஓர் அளவை இவர் மாற்றியதில்லை. இந்த வகுப்பில் இவரே முதலிடத்துக்கு உரியவர்” என்று முடித்தேன். எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் இரண்டு பேரில் யாரை எடுப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் நல்லவள் இல்லை என்று அன்றைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. அந்தப் பத்திகளின் மேல் மவுஸை மேலிருந்து கீழே இழுத்தேன், எல்லாம் நீலமாயிற்று, அழித்தேன். அழித்த இடத்தில், “இவர் கடின உழைப்பாளி. ஒழுக்கமானவர். எல்லோரிடமும் பணிவாகப் பழகுபவர். இவருடைய முயற்சிகள் வெற்றி பெற வாழ்த்துகிறேன்” என்று நான்கு வரி போட்டேன். ஊரில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்துகிற நான்கு வரி.

அதற்கு ஒரு நியாயமும் கையோடு வைத்திருந்தேன். என் அப்பா இத்தனை வருஷமாக அந்த நிலையத்து ஆட்களின் வீட்டு வாசலில் புல் வெட்டுகிறார். எங்களில் ஒருத்தியாவது ஒரு தடவை உள்ளே போகட்டுமே. அவள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் எத்தனை தலைமுறையாக என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாதா? அந்த நியாயம் முழுப் பொய் இல்லை, இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்கும் ஐம்பது ஆட்டம் எண்ணிய அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் எனக்கு எதையும் மறுத்தவள் இல்லை, தினமும் இடம் போட்டு வைத்தவள்.

பென் டிரைவை அவளிடம் கொடுத்தேன். அன்று எனக்கு ஊரில் ஒரு சாவு, சீக்கிரம் போக வேண்டியிருந்தது. கல்லூரி அலுவலகத்தில் இரண்டையும் பிரின்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்துவிடுவதாக அவள் சொன்னாள். “படிக்க மாட்டேன், பயப்படாத” என்று சிரித்தாள்.

ஏப்ரல் கடைசியில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. அவளுக்கு வரவில்லை. பஸ்ஸில் அவளிடம் சொன்னபோது, “நல்லா பண்ணு” என்று கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு தேர்வு முடியும்வரை என்னிடம் அதிகம் பேசவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதானே.

அந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி நான் எத்தனை சொன்னாலும் தீராது. அணுபுரத்திலிருந்து காலையில் அவர்கள் பஸ் கிளம்பும். முதல் நாள் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அப்பா சாலையோரம் புல் வெட்டும் இயந்திரத்தோடு நின்றிருந்தார். கை அசைக்கவில்லை, சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தார். ஆனால் பஸ் திரும்பும்வரை இயந்திரத்தை அணைத்து வைத்திருந்தார்.

உள்ளே எனக்குக் கிடைத்த முதல் வாரத்து வேலை, கதிர்வீச்சை எண்ணும் கருவிக்குள் ஒன்றுமே வைக்காமல் அளப்பது. சுற்றிலும் இயல்பாக இருப்பது எவ்வளவு என்று முதலில் தெரிந்தால்தான், வைத்த பொருளிலிருந்து வருவது எவ்வளவு என்று சொல்ல முடியும். காலை முதல் மாலை வரை வெறும் கருவியின் முன் உட்கார்ந்து எண்களை எழுதினேன்.

“இன்னாம்மா அளக்கறாங்க உள்ள?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணுமில்லாதத அளக்கறோம்பா.”

“அதுக்கு என்னக் கூப்ட்ருந்தா நானே அளந்துனு வந்திருப்பனே. அதுக்காடா போலீஸ் வூட்டாண்ட வந்து விசாரிச்சிட்டுப் போச்சு?”

எனக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு விஞ்ஞானி, ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. பருத்திப் புடவையும் ரப்பர் செருப்புமாக வருவார். ஒரு எண் மற்ற எண்களோடு ஒத்துப்போகாவிட்டாலும் அழிக்கக் கூடாது, பக்கத்தில் நேரத்தைக் குறித்து வை என்பார். இருபது வருஷத்துக்கு முந்தைய நோட்டுகள்கூட அங்கே அலமாரியில் இருந்தன. ஒரு பக்கத்திலும் அழித்த தடம் இல்லை, தவறுகள் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் கையொப்பத்தோடு இருந்தன. அந்த நோட்டுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வந்தது. இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தால் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மூன்றாவது வாரம், கேன்டீனில் டீ குடிக்கும்போது அந்த அம்மா சொன்னார்: “உங்க ஹெச்.ஓ.டி. ரொம்ப நல்ல மனுஷர்மா. வருஷா வருஷம் எத்தனையோ லெட்டர் படிக்கறேன். எல்லாரும் கடின உழைப்பாளி, எல்லாரும் ஒழுக்கம். இவர் மட்டும்தான் உன்னை உக்காந்து பார்த்து எழுதியிருக்கார்.”

அறைக்குத் திரும்பியதும் ஃபைலை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை இப்போது நினைவிலிருந்து சொல்கிறேன்.

“இந்த மாணவி பொறுமைசாலி அல்ல. இவருடைய கோபத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் தவறு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது எங்கே என்று தெரியாமல் இவரால் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஊசல் பல ஆண்டுகளாகக் குறைந்த விடையைத் தந்து வந்தது. நாங்கள் எல்லோரும் விடையைத் திருத்திக்கொண்டோம். இவர்தான் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.”

நாங்கள் எல்லோரும் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் மூன்று வாரம் எண்ணிய ஆட்டங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

“உங்க காலேஜ்ல இருந்து இன்னொரு பொண்ணும் போட்டிருந்தது,” என்றார் அந்த அம்மா ஃபைலை மூடிக்கொண்டே. “மார்க் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். லெட்டரை வெச்சுதான் முடிவு பண்ணினோம். அந்தப் பொண்ணு லெட்டர்ல ஒண்ணுமே இல்ல. பாவம்.”

அன்று மாலைவரை எழுதிய எண்கள் எதுவும் எனக்கு நினைவில்லை. வெட்கம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெட்கமே இல்லை.

அந்த வார சனிக்கிழமை போன் செய்து அவளை மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னேன். அக்னி நட்சத்திர வெயில். சுற்றுலா பஸ்களிலிருந்து ஆட்கள் தொப்பியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு கிடைத்தது.

“உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னாண்ட பேச மாட்ட,” என்றேன்.

“நாலு வரி,” என்றாள் அவள்.

அவள் தன் செருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் படிக்கல. சத்தியமா. ஆபீஸ்ல கிளார்க் அம்மா சார் கையெழுத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சத்தமா படிப்பாங்க. ரெண்டையும் படிச்சாங்க. ‘ஏம்மா, ஒண்ணு முழுப் பக்கம் இருக்கு, ஒண்ணு நாலே வரி இருக்கு. இது போதுமா?’ன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“‘போதும்மா’ன்னேன்.”

“ஏன்? அங்கயே திரும்ப எழுதியிருக்கலாம் இல்ல? சார் கையெழுத்துகூடப் போடல இன்னும்.”

“எனக்கு நானே எழுதிக்கறதா? அதுக்குத்தானே உன்கிட்ட கேட்டேன்.” முதல்முறையாக என்னைப் பார்த்தாள். “உனக்கு என்னைப் பத்தி சொல்ல நாலு வரிதான் இருக்குன்னு நினைச்சேன்.”

அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். இல்லை, ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன் என்று சொன்னேன். தும்மலைச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப உன் கையில என் லெட்டரும் இருந்துது இல்ல,” என்றேன். “அத ஏன் அப்படியே வுட்ட? நீ எழுதுனதுதானே. கோவத்துல ரெண்டு வரி எடுத்திருந்தா யாருக்குத் தெரியும்?”

“கோவம் வந்துது. பஸ்ல அழுதுகிட்டேதான் போனேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா நீ சுவத்துல கை வெச்சது நெஜம்தானே. எனக்குக் கோவம் வந்தா அது பொய்யாயிடுமா?”

இதைப் பெரிதாக ஒன்றும் அவள் சொல்லவில்லை. 9.2 வந்தால் 9.2 என்று சொன்ன அதே குரல். நான் இன்றுவரை படித்த மனிதர்கள் பலரைப் பார்த்துவிட்டேன், அவர்களில் பெரியவர்களும் உண்டு. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைவிட உயர்ந்த ஒருவரை நான் சந்திக்கவில்லை.

“வூட்ல இன்னா சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“ஜாதகம் எடுத்தாச்சு. நாளைக்குப் பாக்க வர்றாங்க.”

“நான் உங்கப்பாவாண்ட பேசறேன். இப்பவே.”

இரண்டு வருஷமாக ஒரே பஸ், ஒரே மேஜை, ஒரே டிபன் பாக்ஸ். ஆனால் அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. அவள் கூப்பிட்டதில்லை, நான் கேட்டதில்லை, ஏன் என்று இருவருக்கும் தெரியும். வாய்விட்டு ஒருநாளும் பேசியதில்லை. அவள் எழுந்து துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“வா,” என்றாள்.

திருவிடந்தை நிறுத்தத்தில் இறங்கி, மாலைக் கடைகளைத் தாண்டி நடந்தோம். அவள் அப்பா முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மடியில் உறையிலிருந்து எடுத்த ஜாதகத் தாள்கள், மூலையில் மஞ்சள் தடவியவை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். எனக்கு வாசற்படியில் கால் தானாகவே நின்றது.

“உள்ள வாம்மா,” என்றார். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசல், மூன்று வாரம், பிரவுசிங் சென்டர், அழித்தது, நான்கு வரி. உள்ளேயிருந்து அவள் அம்மாவும் வந்து கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார். நான் முடித்ததும் அவள் அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“கிடைக்கலன்னதும், இவளுக்கு அவ்வளவுதான் போலன்னு நெனச்சேன்,” என்றார் மெதுவாக. “அங்க பெரிய பெரிய ஆளுங்க பார்த்துதானே முடிவு பண்ணியிருப்பாங்கன்னு.”

“அவங்க பார்த்தது நான் எழுதுனதத்தான், அங்கிள்.”

“நீ அங்க நல்லா செய்யறியா?”

“செய்யறேன்.”

“மேடம் பாராட்டறாங்களா?”

“பாராட்டறாங்க.”

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “இவ போயிருந்தா?”

அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்த, என் பெயர் போட்ட அடையாள அட்டை ஒன்று பையில் இருந்தது. என் அப்பா அதைத் தன் ஆட்களிடம் காட்டிக் காட்டி ஓரம் மடங்கியிருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு, அவளும் நன்றாகச் செய்திருப்பாள் என்று ஒரு பதில் இருந்தது. அதுவும் பொய் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“என்னை விட நல்லா செஞ்சிருப்பா,” என்றேன்.

அவர் மடியிலிருந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மனைவியிடம் நீட்டினார். “உள்ள வை. நாளைக்கு வர்றவங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.” மகள் பக்கம் திரும்பினார். “எம்.எஸ்ஸி.க்கு எப்ப அப்ளிகேஷன் போடணும்?”

அவள் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதனால் மாதத்தையும், எந்தெந்த பல்கலைக்கழகம் என்பதையும், அவளுக்கு எதில் ஆசை என்பதையும் நான்தான் சொன்னேன். அவர் ஜாதக உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.